ஆறு கல், ஒரு வாடகை

மயிலாடிப் பட்டறையில் ஏற்றும்போதே எண்ணிக்கொண்டேன்:
அடிக்கல், கால், தட்டு,
நாலு ஜன்னல் வைத்த பெட்டி,
ஓரம் மேலே வளைந்த கூரை,
உச்சிக்கு வெங்காயம்போல் ஒரு குமிழ்.
எல்லாம் சேர்ந்து இருநூற்று நாற்பது கிலோ.
வைக்கோல் போதாது என்று
வீட்டிலிருந்த பழைய மெத்தையையும் விரித்திருந்தேன்.

தாணுலிங்கம் ஆசாரி பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்:
"ஓய், இதுக்குள்ள எந்தச் சாமி?"
"சாமி இல்லையாம். விளக்காம். ஜப்பான் விளக்கு."
"எண்ணெய் எங்க ஊத்த?"
"ஏத்தவே மாட்டாளாம். சும்மா நிக்கணுமாம்."
பெட்டிக்குள் கைவிட்டு
நாலு மூலையும் தடவிப் பார்த்தார்.
"வெளிப்பக்கத்துக்கு மூணு நாளு.
இந்த ஒண்ணுமில்லாததக் கொத்தி எடுக்கத்தான்
எட்டு நாளாச்சு."
பில்லில் அதற்குத் தனி வரி இல்லை.

பார்வதிபுரம் மேம்பாலம் முழுக்க
கூரையும் குமிழும் முட்டி முட்டிப் பேசிக்கொண்டு வந்தன.
வில்லுக்குறி வேகத்தடையில் மெத்தை ஒரு பெருமூச்சு விட்டது.
அழகியமண்டபத்தில் நிறுத்தினேன்.
ஒரு சாயா, ஒரு பழம்பொரி, சின்னத் தூறல்.
திரும்பி வந்தால்
பெட்டிக்குள் ஒரு செம்பருத்தி,
பக்கத்தில் ரெண்டு ரூபாய், ஐந்து, இன்னொரு ஐந்து.
யாரென்று சுற்றிப் பார்த்தேன்.
பஸ்ஸுக்கு நின்றவர்கள்
வராத பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அருமனையில் ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில் வீடு.
விஜிலா நனைந்துகொண்டே கேட்டைத் திறந்தாள்.
ஆறு வருஷம் அங்கே
வயசானவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து
சேர்த்த காசில் பதினெட்டு சென்ட்.
முற்றத்தில் வெள்ளைச் சரளை,
மரச்சீப்பால் வாரிவிட்ட அலை.
கீழே ஆறில்லாத பாலம் ஒன்று, நாலடி.
ஒரு மூங்கில் குழாய்:
வெள்ளம் நிறைந்தால் தலைகுனிந்து கொட்டும்,
நிமிரும்போது வால் கல்லில் அடிக்கும்.
டொக்.
"மானை விரட்ட" என்றாள்.
"இங்க ஏது மான்?"
"அங்கயும் நான் பாக்கல."
முதல் ராத்திரி பக்கத்து வீட்டு ஸ்டெல்லஸ்
மூன்று தடவை எழுந்து கதவைத் திறந்து
யாரு, யாரு என்று கேட்டாராம்.

பன்னிரண்டு ரூபாயை நீட்டினேன்.
"உங்க வண்டிக்கு வந்த காணிக்கை" என்று சிரித்தாள்.
"உங்க விளக்குக்கு வந்தது."
"அப்ப விளக்குக்கே தெரியாம நீங்க வச்சுக்கிடுங்க."
பூவை மட்டும் எடுத்துத் தொட்டியில் மிதக்கவிட்டாள்.

நாலு பேர் மூச்சுப் பிடித்து அடுக்கி முடித்தோம்.
ரெண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள்.
"ரசமட்டம் வச்சுப் பாத்தாச்சு, நேராத்தான் இருக்கு" என்றேன்.
"அதான். கொஞ்சம் கோணலாத் திருப்புங்க."
திருப்பினோம்.
ஒரு ஜன்னலில் கொடியில் காயும் ரப்பர் ஷீட்,
மறு ஜன்னலில் பலாமரத்தின் இடுப்பு,
நடுவில்
ஆசாரியின் எட்டு நாள்.

இடவப்பாதி கொட்டித் தீர்த்த பிறகு
பதினைந்து மூட்டைச் சரளையோடு மறுபடி போனேன்.
அலை ஒன்றுகூட மிச்சமில்லை.
அவள் சீப்பும் கையுமாக
நிறுத்திய இடத்தை மறந்தவள்போல் நின்றாள்.
அந்நேரம் பார்த்து ஆசாரி போன்:
"ஓய், சாமி வந்தாச்சா?"
எட்டிப் பார்த்தேன்.
"வந்தாச்சு. குளவி. மண்ணுல வீடு கட்டியிருக்கு."
"எந்த மூலை?"
"பலாமரத்துப் பக்கம், மேல."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அங்கதான் உளி வழுக்கிச்சு" என்றார்.

பன்னிரண்டு ரூபாய் டாஷ்போர்டில் கிடக்கிறது.
டீசலோடு சேர்க்கக் கை வரவில்லை.
வாடகையில் முந்நூறு பாக்கி.
கேட்கப் போய் வாசலில் நின்றால்
நான் தட்டுவதற்கு முன்னால்
மூங்கில் தட்டிவிடுகிறது.
அவள் உள்ளேயிருந்து எழுந்து வருவதில்லை.